அம்மாவுக்கும் விடுமுறை உண்டா?



ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்து, மைக்கறை படிந்த விரல்களோடு வெளியே வரும்போது நம் மனத்தில் ஒரே எண்ணந்தான்: இனி ஒரு மாதத்துக்கு மணியோசை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. அப்பாவுக்கும் அலுவலகத்தில் ஆண்டுக்குச் சில நாள் விடுப்பு உண்டு. கடை வைத்திருப்பவர்கூட வாரத்தில் ஒரு நாள் கதவடைக்கிறார். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில்கூட நுகத்தடி ஏறுவதில்லை. ஆனால் நம் வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு விடுமுறை எப்போது?

இந்தக் கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்கவில்லை. நெடுந்தொலைவில், ஒரு மணற்குன்றின் அடிவாரத்தில் நின்ற வேனின் அடுப்புக்கு முன்னால்தான் கிடைத்தது. குடும்பத்தோடு போகும் எந்தப் பயணத்திலும் அம்மாவின் அடுப்பு அணையவில்லையென்றால், அதைக் குடும்பத்தின் விடுமுறை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு நான் வந்த வழியை உங்களுக்குச் சொல்கிறேன். சிலர் மறுக்கலாம். மறுப்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துத் தலைநகரான டென்வரில் வசிக்கும் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அப்போது சித்தப்பா ஒரு திட்டம் போட்டார். "வீட்டோடு ஊர் சுற்றுவோம்" என்றார். கேம்பர் வேன் ஒன்றை நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் சிறிய லாரி போல இருக்கும். உள்ளே நுழைந்தால் வீடு! உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. அதை இறக்கிவிட்டால் அதுவே கட்டில். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு பரண். அதில் நானும் தம்பியும் படுக்கலாம். எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, கை கழுவும் தொட்டி, சின்னஞ்சிறு குளியலறை. ஏறக்குறைய 150 லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. கழுவிய நீருக்கு இன்னொரு தொட்டி. கழிப்பறைக் கழிவுக்கு மூன்றாவது. தம்பி அன்றெல்லாம் ஏறி இறங்கியே களைத்துப் போனான்.

நாங்கள் போன இடத்தின் பெயர் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்கா. பெயரிலேயே பொருள் இருக்கிறது: பெரும் மணற்குன்றுகள். டென்வரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 380 கிலோமீட்டர். சமவெளி நெடுஞ்சாலையில் புவெப்லோ நகரைத் தாண்டி, பிறகு மேற்கே திரும்பி, ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரமுள்ள லா வேட்டா கணவாயைக் கடந்து இறங்கினால் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு விரிகிறது. அதன் கிழக்கு எல்லையில் பனி மூடிய நீண்ட மலைத்தொடர். அதற்கு ஸ்பானியர் இட்ட பெயர் சாங்ரே தே கிறிஸ்தோ. "கிறிஸ்துவின் இரத்தம்" என்று பொருள். அந்தப் பெயரைச் சித்தி சொன்னபோது அம்மா தன்னையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அந்த மலைகளின் மடியில்தான் மணல் கிடக்கிறது. மலையும் பனியும் இருக்கும் இடத்தில் மணல் எப்படி வந்தது என்று எங்களைப் போலவே நீங்களும் வியப்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. மேற்கிலுள்ள சான் வான் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக் கொண்டுவந்த மணல் அதன் படுகையில் தங்கியது. ஏரி வற்றிய பிறகு, தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அந்த மணலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்தது. மலைத்தொடர் வளைந்து நிற்கும் இந்த மூலையில் மணல் மேலே ஏற முடியாமல் நின்றது. புயற்காலத்தில் மலைக் கணவாய்களின் வழியே எதிர்க்காற்று வீசி அதைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டு காற்றும் மாறி மாறித் தள்ளியதால் மணல் பரவாமல் உயர்ந்துகொண்டே போனது. இன்று அங்குள்ள மிக உயர்ந்த குன்றுகள் அடியிலிருந்து முடிவரை ஏறக்குறைய 225 மீட்டர். வட அமெரிக்காவிலேயே இவற்றைவிட உயர்ந்த மணற்குன்றுகள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பூங்காவுக்குள்ளே இருக்கும் பின்யோன் பிளாட்ஸ் என்ற முகாமில் வேனை நிறுத்தினோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தைவிட உயரம். வேனின் சன்னலைத் திறந்தால் எதிரே குன்றுகள். மாலை வெயிலில் அவை ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் கருநீலமாகவும் இருந்தன. எல்லோரும் கூவினோம். அம்மாவும் எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றார். பார்த்துவிட்டு அரிசி களையத் திரும்பினார்.

இனி நான் சொல்லப் போவதைச் சற்றுக் கவனியுங்கள். மணலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. பகலில் மணல் சூடேறிவிடும். கோடை நண்பகலில் அங்கே மணலின் மேற்பரப்பு 65 பாகை செல்சியஸ் வரை கொதிக்கும் என்று பூங்காக் காவலர் எச்சரிக்கிறார்கள். பிற்பகலில் மலையில் மேகம் திரண்டு இடி மின்னல் வரலாம். வெட்டவெளியான முகட்டில் நிற்பவருக்கு அது உயிராபத்து. ஆகவே குன்றேற ஏற்ற வேளை இரண்டே இரண்டு. ஒன்று, பொழுது விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை. மற்றொன்று, வெயில் தாழ்ந்ததிலிருந்து இருட்டும் வரை.

சமையலறைக்கும் ஒரு கடிகாரம் உண்டு. காலைச் சிற்றுண்டி எப்போது செய்ய வேண்டும்? பொழுது விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை. இரவுச் சாப்பாடு எப்போது? வெயில் தாழ்ந்ததிலிருந்து இருட்டும் வரை. மணல் கூப்பிடுகிற அதே வேளையில்தான் அடுப்பும் கூப்பிடுகிறது. யார் அடுப்படியில் நிற்கிறாரோ அவர் குன்றில் கால் வைக்கவே முடியாது.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். "அம்மா, நீங்க வரலியா?" என்று வாசலில் நின்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டேதான் கேட்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "நீங்க போயிட்டு வாங்க. வந்ததும் எல்லாருக்கும் பசிக்கும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. போய்விட்டேன்.

ஒன்பதரைக்கு நாங்கள் திரும்பியபோது உப்புமாவும் தேங்காய்த் துவையலும் தயாராக இருந்தன. மளமளவென்று சாப்பிட்டோம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு எளிதில் வேகாது, சோறு நேரம் எடுக்கும். எங்கள் முகாமில் வேனுக்கு மின் இணைப்பும் கிடையாது. சித்தி கொண்டுவந்த குக்கரை வைத்து அம்மா மதியச் சமையலோடு போராடிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாதே என்று பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்து, பிறகு சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கழுவினார். கரடிகள் நடமாடும் இடமாதலால் ஒரு பருக்கைகூட வெளியே கிடக்கலாகாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்ட வேண்டும். அதையும் அம்மாவே செய்தார். சித்தி உதவ வந்தால், "நீ தினமும் வேலைக்குப் போய்க் களைச்சுப் போறே, நீ போ" என்று அனுப்பிவிட்டார். மாலையில் நாங்கள் மீண்டும் மணலுக்குப் போனோம். அம்மா சப்பாத்தி இட்டார்.

அன்றிரவு பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு மூதாட்டி எங்கள் வேனருகே வந்தார். கணவரோடு ஊர் ஊராகச் சுற்றுபவர். அம்மாவைப் பார்த்து, குன்றில் ஏறினீர்களா, எப்படி இருந்தது என்று அன்போடு கேட்டார். சித்தி தமிழில் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே, "சன்னல் வழியாப் பார்த்தேன். ரொம்ப நல்லாத் தெரியுது" என்றார். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. குறை இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்! தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அப்பா அங்கேயே நின்றுவிட்டார். கடல் கடந்து, பாதி உலகத்தைச் சுற்றி அழைத்து வந்த ஒருவருக்கு நாங்கள் காட்டியது ஒரு சன்னல். வீட்டுச் சமையலறையிலும் அவருக்கு ஒரு சன்னல் இருக்கிறது.

அப்பா அதிகம் பேசுபவரல்லர். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில் யாரும் சமைக்க வேண்டாம். நாளைச் சாயங்காலம் நானும் பையனும் சமைக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். அம்மா மறுத்தார். "உங்களுக்கு உப்பு எங்கே இருக்குன்னே தெரியாதே" என்றார். "ரெண்டடி அகல சமையலறை. தேடினா கிடைக்கும்" என்றார் அப்பா.

வியாழக்கிழமை விடியலில் ரொட்டியும் வாழைப்பழமும் தண்ணீரும் பையில் எடுத்துக்கொண்டு ஆறு பேரும் நடந்தோம். மணலுக்குப் போகுமுன் மெடானோ என்ற ஓடையைக் கடக்க வேண்டும். மலைப்பனி உருகி வரும் நீர் அது. வசந்தத்தில் ஓடத் தொடங்கி, மே மாதக் கடைசியில் பெருகி, கோடை முதிரும்போது மணலுக்குள் மறைந்துவிடுவது வழக்கம். அதில் ஓர் அதிசயம் உண்டு. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் மணல் சிறு சிறு வரப்புகளாகச் சேர்ந்து நீரைத் தடுக்கும். பிறகு வரப்பு உடையும். தேங்கிய நீர் அலையாகப் பாய்ந்து வரும். ஏறக்குறைய 20 வினாடிக்கு ஒருமுறை இப்படி அலை வரும். கடலே இல்லாத இடத்தில் கடலலை! அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த நீரில் இறங்கினார். ஓர் அலை வந்து காலில் மோதியதும் சிறு பிள்ளையைப் போலக் கூச்சலிட்டார். அம்மாவின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

மணலில் ஏறுவது எளிதன்று. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். முகடு வழியாக, நின்று நின்று ஏறினோம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மூச்சு வாங்கியது. மேல்மணலைக் காலால் விலக்கினால் சில அங்குலத்துக்குக் கீழே ஈரம் தட்டுப்பட்டது. காய்ந்து கிடப்பது போலத் தோன்றும் அந்தக் குன்றுகள் தமக்குள்ளே ஈரத்தை வைத்திருக்கின்றன. ஹை டியூன் என்ற குன்றின் உச்சியை அடைந்தபோது வெயில் இன்னும் இளசாகவே இருந்தது. ஒரு பக்கம் பனிமலைகள், நான்கு பக்கமும் மணல் அலைகள். அம்மா உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒன்றுமே பேசாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லே. யாரும் எதுவும் கேக்காம உக்காந்து எத்தனை நாளாச்சுன்னு பாத்தேன்" என்றார்.

தோழியரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று மாலை அப்பாவும் தம்பியும் சமைத்தார்கள். கிச்சடி அடிப்பிடித்தது. உப்பு ஒருமுறை அப்பாவும் ஒருமுறை தம்பியும் போட்டிருந்தார்கள். தயிரை ஊற்றிச் சாப்பிட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் சித்தப்பாவும் பாத்திரம் துலக்கினோம். அம்மாவும் சித்தியும் மணலில் கம்பளம் விரித்து, தங்கள் பள்ளி நாள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மணல் இன்றும் அங்கே இருப்பதற்குப் பெண்களும் ஒரு காரணம் என்பதைப் பூங்காவின் வரலாற்றைப் படித்தபோது அறிந்தேன். 1920-களில் அந்த மணலில் பொன் எடுக்கலாம், கட்டட வேலைக்கு அள்ளலாம் என்று சிலர் முனைந்தார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் மணலைக் காக்கக் குரல் எழுப்பினார்கள். அதில் முன்நின்றவர்கள் அலமோசா, மான்ட்டே விஸ்டா ஆகிய சிற்றூர்களைச் சேர்ந்த பி.இ.ஓ. சகோதரியர் சங்கத்துப் பெண்கள். இந்தச் சங்கத்தை 1869-இல் ஐயோவா மாநிலத்தில் ஏழே ஏழு கல்லூரி மாணவியர் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கு மக்களின் முயற்சியால் 1932-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் அம்மணற்பரப்பைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 2004-இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கும் வீடும் அடுப்பும் இருந்திருக்கும். மனுக்கள் எழுதவும் கூட்டம் போடவும் அவர்களுக்குச் சற்று நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் ஒரு மலையளவு மணலைக் காப்பாற்றினார்கள். நேரம் கிடைத்தால் நம் அம்மாக்கள் எதையெல்லாம் செய்வார்கள் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? என் அம்மா பள்ளியில் ஓவியத்தில் முதல் பரிசு வாங்கியவர் என்பதை அன்று மாலை மணலில் சித்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-இல் நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அப்போது ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அந்த வேலையில் பங்கெடுத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஒவ்வொரு நாளும்! இதற்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை கூடுதல். அன்று கறிக்குழம்பு அல்லவா?

அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். நம் ஊரிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வேன் புறப்படுவதைப் பார்த்திருக்கிறீர்கள். வேனுக்குள் முதலில் ஏறுவது என்ன? அடுப்பு, அரிசி மூட்டை, பெரிய அண்டா! கட்டுசாதம் என்றால் அம்மா இரவு இரண்டு மணிக்கே எழுந்து புளியோதரை கிளற வேண்டும். மற்றவர்கள் கடலில் காலை நனைத்து, கடைவீதி சுற்றிவிட்டு வரும்போது அம்மா சத்திரத்து வராந்தாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். நாம் வெளியூருக்குப் போகும்போது வீட்டை விட்டுவிட்டுப் போகிறோம். அம்மாவோ வீட்டைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார். கேம்பர் வேனில் அந்த உண்மை அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அம்மாவுக்குச் சமைத்துப் போடுவதில்தான் மகிழ்ச்சி" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். என் அம்மாவுக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றைத் தேர்ந்துகொள்ள அவருக்கு எப்போதாவது வாய்ப்புக் கொடுத்திருக்கிறோமா? இரண்டு வழியைக் காட்டி, அவர் ஒன்றை விரும்பினால் அது விருப்பம். ஒரே வழியை விட்டுவைத்து, "அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

"ஆண்கள் சமைத்தால் வாயில் வைக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முதல் நாள் முடியாதுதான். நாம் முதன்முதலில் எழுதிய "அ" எப்படி இருந்தது? பழகப் பழகத்தானே வந்தது? ஊரெங்கும் கல்யாணச் சமையலுக்கு ஆண்களைத்தான் அழைக்கிறோம். ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்த கை, வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கத் தெரியாது என்பதை எப்படி நம்புவது?

"ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம், அல்லது உடன் ஓர் ஆளைச் சமையலுக்கு அழைத்துப் போகலாம்" என்போரும் உண்டு. வசதியுள்ளவர்கள் செய்யட்டும். ஆனால் அப்படி அழைத்துப் போகும் பெண்ணும் ஒரு வீட்டின் அம்மா என்பதை மறக்கலாகாது. அவருக்கு நியாயமான கூலியும், மணலில் கால் வைக்க ஒரு மாலைப்பொழுதும் கொடுக்காவிட்டால், ஓர் அம்மாவின் சுமையை இன்னோர் அம்மாவின் தலையில் இறக்கியதாகத்தான் ஆகும். எல்லா வீட்டுக்கும் ஏற்ற வழி ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டாம். வேலையைப் பங்கிடுவதே அது.

மறைக்கல்வி வகுப்பில் மார்த்தா, மரியா சகோதரியரைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஆண்டவர் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மரியா அவர் காலடியில் அமர்ந்து கேட்டாள். மார்த்தா பல வேலைகளில் பரபரப்பாக இருந்தாள். ஆண்டவர் மார்த்தாவைக் கடிந்துகொண்டார் என்று மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவள் உட்கார வேண்டும் என்றுதானே அவர் விரும்பினார்? அன்று அந்த வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கையில் எடுத்திருந்தால் மார்த்தாவும் அந்தக் காலடியில் அமர்ந்திருப்பாள்.

இன்னொரு காட்சியும் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் நிற்கிறார். சீடர்கள் இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனும், அருகே அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று அழைக்கிறார். உலகத்தையே மீட்டவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு ஆக்கிக் கொடுத்தார்! அடுப்பு மூட்டுவது ஆண்களுக்கு இழுக்கு என்று எண்ணுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

ஆகவே, என் அருமைத் தோழியரே, இந்தக் கோடையில் உங்கள் குடும்பம் கொடைக்கானலுக்குப் போனாலும் சரி, கன்னியாகுமரிக்குப் போனாலும் சரி, பாட்டி ஊருக்கே போனாலும் சரி, புறப்படுவதற்கு முந்தின இரவு ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: தண்ணீர் பிடிப்பது, காய் நறுக்குவது, அடுப்பைப் பார்ப்பது, துலக்குவது, துணி மடிப்பது. மறுபக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். அண்ணன் தம்பிமார் பெயரை மறவாதீர்கள். அப்பாவின் பெயரையும் தயங்காமல் எழுதிக் காட்டுங்கள். எங்கு போனாலும், அங்கே காண வேண்டியதைக் காண ஏற்ற வேளை எதுவோ, அந்த வேளையில் அம்மாவின் கை வெறுமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நாம் இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? நாளை நாமும் அம்மாக்கள் ஆவோம். நம் பிள்ளைகளும் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, நீங்க வரலியா?" என்று கேட்பார்கள். நாமும், "நீங்க போயிட்டு வாங்க" என்போம். சன்னல் வழியாகப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் ஒரு மாலை அம்மாவுக்கு விடுமுறை. அப்பாவின் சாம்பார் இன்னும் தேறவில்லை. என் சப்பாத்தி ஏதோ ஒரு நாட்டின் வரைபடத்தைப் போல இருக்கிறது. தம்பிக்கு மட்டும் உப்பு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த மாலைகளில் அம்மா பழைய நோட்டு ஒன்றில் படம் வரைகிறார். முதலில் வரைந்தது ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.